சும்மா இருக்கத் தெரிந்த அச்சுப்பொறி

நான் கணினி பராமரிப்பு வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் கரவெட்டியில் வீட்டோடு இருந்தாலும், உங்களில் யாராவது ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். "அக்கா, லினக்ஸ் ஓடுற கொம்பியூட்டருக்கு எந்தப் பிரின்ரர் வாங்கலாம்?"

ஒரு மாதிரியின் பெயரை நான் சொன்னால், நீங்கள் வாங்கப் போகும் நேரம் அது கடையில் இருக்காது. அதனால் பெயர் சொல்வதை விட்டுவிட்டேன். எப்படிச் சோதித்து எடுப்பது என்று மட்டும் சொல்லலாம். அதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு மழை நாளில் நடந்த ஒரு விஷயத்தால் தெரிந்துகொண்டேன். அந்த நாளைப் பற்றி அலுவலகத்தில் நான் அதிகம் பேசியதில்லை. பேசினால் இயந்திரத்தை விட்டுவிட்டு வேறு எங்கேயோ பேச்சுப் போய்விடும் என்று ஒரு தயக்கம்.

எங்கள் அலுவலகம் கணினிகளைப் பராமரித்த இடங்களில் பார்வையற்றோர் நிலையம் ஒன்றும் இருந்தது. வெளிநாட்டுக்குப் போன ஒரு குடும்பம் தங்கள் பெரிய கல்வீட்டை அதற்குக் கொடுத்திருந்தது. பிள்ளைகள் படிக்க வருவார்கள். போரில் பார்வை இழந்த பெரியவர்கள் சிலர் அங்கேயே தங்கியிருந்தார்கள். அங்கே இருந்த கணினிகள் எல்லாவற்றிலும் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம்தான். திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் அதில் இலவசமாகக் கிடைத்தது. வேறொன்றை வாங்க அவர்களுக்கு வசதி இல்லை.

செல்வராணி அங்கே ஆசிரியை. நாற்பது வயதிருக்கும். சிறு வயதில் எறிகணை விழுந்து இரண்டு கண்ணும் போனது. தட்டச்சு செய்வதில் என்னைவிட வேகம். பிள்ளைகளின் பாடங்களைக் கணினியில் தட்டி, பிரெயில் புள்ளிகளாக அடித்துக் கொடுப்பது அவளுடைய வேலை. அதற்கென்று தனி அச்சுப்பொறி உண்டு. மை கிடையாது. தடித்த தாளில் ஊசிகளால் குத்திப் புள்ளி எழுப்பும். அது அடிக்கும் சத்தம் ஆணி அறைவது போல வீடு முழுக்கக் கேட்கும்.

அவர்களின் பழைய இயந்திரம் பழுதாகிப்போக, வெளிநாட்டிலிருந்து ஒரு அன்பர் புதிது ஒன்றைக் கப்பலில் அனுப்பினார். விலை கூடியது, பெரியது. ஆனால் அதைச் செய்தவர்கள் எங்கள் இயங்குதளத்துக்கு இயக்கி, அதாவது கணினி அதனோடு பேச உதவும் மென்பொருள், எழுதி வைக்கவில்லை. அன்பர் சார்பில் வந்த ஒருவர், அதே வகையைச் சேர்ந்த இன்னொரு இயந்திரத்தின் இயக்கியை இணையத்தில் தேடி எடுத்துப் போட்டார். சோதனைப் பக்கம் அழகாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எங்களுக்குச் செய்தி மட்டும் வந்தது.

மாரி தொடங்கியபிறகு ஒரு நாள் செல்வராணி கூப்பிட்டாள்.

"அக்கா, உந்த மெசின் ஒருத்தரும் சொல்லாமல் அடிக்குது."

"என்ன அடிக்குது?"

"வந்து பாருங்கோவன். ரெலிபோனிலை சொல்ல எனக்கு விருப்பமில்லை."

மறுநாள் முற்பகல் போனேன். மழை கனத்துப் பெய்தது. விறாந்தையில் பிள்ளைகள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாகக் கணினி அறைக்குள் போக அடிபடுகிறவர்கள் அன்று ஒருவரும் உள்ளே இல்லை. அறை மூலையில் இயந்திரம் மேசைமேல் இருந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தலைமுதல் கால்வரை போர்த்தியிருந்தார்கள். கண் தெரியாதவர்கள் எதற்காக ஒரு பொருளை மூடிவைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது. கேட்கவில்லை.

"நேற்று மத்தியானமே வயரைக் கழட்டிப்போட்டன்," என்றாள் செல்வராணி. "இனி அடிக்காது. ஆனால் பிள்ளையள் வருகினமில்லை."

முதலில் அது நடந்தது பாட நேரத்திலாம். எல்லோரும் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கணினியைத் தொடவில்லை. திடீரென்று இயந்திரம் சில அடி அடித்து நின்றது. ஒரு ஆள் தொண்டையைச் செருமியது போல இருந்தது என்றாள். தாள் பாதி வெளியே வந்திருந்தது. பிறகு நாளுக்கு ஒரு தடவை, சில நாள் பல தடவை.

தாள்களை என் கையில் தந்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் சில புள்ளிகள். மிகுதி வெறுமை. எனக்குப் பிரெயில் தெரியாது. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன், புள்ளிதான் தெரிந்தது. அவள் என் சுட்டுவிரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

"இது வ. இது ஆ," என்றாள். "வா."

அடுத்த தாளை எடுத்தாள். "வா." அதற்கடுத்தது. "இதுவும் வா. வேற ஒண்டும் இல்லை அக்கா. எல்லாத்திலையும் உது ஒண்டுதான்."

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்த அறையில் எனக்கு வரவில்லை. கண் தெரிந்தவள் நான் ஒருத்திதான் அங்கே. என்னைத் தவிர எல்லோருக்கும் அது வாசிக்க முடிந்த சொல்.

"உங்களுக்கு என்ன நினைப்பு?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு நினைப்பும் இல்லை. யோகராசா அண்ணையைத்தான் யோசிக்கிறன்."

யோகராசா அங்கே தங்கியிருந்தவர்களில் ஒருவர். ஐம்பத்தைந்து வயதுக்குமேல். முன்பு சாவகச்சேரிப் பக்கம் தனியார் பஸ் ஓட்டியவர். பிறகு வன்னியில் இருந்தார். போரின் கடைசி நாட்களில், மனைவியோடு நடந்து வரும்போது காயப்பட்டுப் பார்வை போனது. மனைவி அவருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். கண்விழித்தபோது அவருக்கு எதுவும் தெரியவில்லை. மனைவி என்ன ஆனார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இன்றுவரை இல்லை. ஆஸ்பத்திரி, முகாம் என்று அலைந்து கடைசியில் இந்த நிலையத்துக்கு வந்து, விரலால் வாசிக்க மெல்லப் பழகிக்கொண்டிருந்தார். நீளச் சொற்கள் அவருக்கு வராது. சின்னச் சொற்கள் வரும்.

"முதல் தாளை எடுத்து வாசிச்சவர் அவர்தான். மனிசி கூப்பிடுறா எண்டார்," என்றாள் செல்வராணி. "நான் கேட்டன், அண்ணை, உங்கடை மனிசி உங்களை வா எண்டு மரியாதை இல்லாமல் கூப்பிடுவாவோ எண்டு. அதுக்கு அவர், மச்சாளைத்தானே கலியாணம் முடிச்சனான், சின்னனிலையிருந்து வா, போ எண்டுதான் எண்டு சொன்னார். கடைசியாகக் கேட்டதும் அதுதானாம். கெதியா வா எண்டு சொல்லிப்போட்டு முன்னுக்கு நடந்தவவாம்."

அவரோடு பேசலாம் என்று விறாந்தைக்கு வந்தேன். அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது.

பிள்ளைகளிடம் கேட்டோம். ஒருத்தி சொன்னாள்: "மாமா வெளியிலை போயிட்டார். மெசின் அடிக்குது, பாத்திட்டு வாறன் எண்டு சொன்னவர்."

செல்வராணியின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. இயந்திரம் அடிக்கவில்லை. நாங்கள் இருவரும் அதுவரை அதன் பக்கத்தில்தான் நின்றிருந்தோம். வயர் மேசைமேல் சுருண்டு கிடந்தது.

கணினி அறைக்குத் திரும்பி ஓடி, அதன் பின் ஜன்னலைத் திறந்தேன். வளவின் முடிவில் ஒரு வேலி. அதில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு. அப்பால் இருந்த காணியின் சொந்தக்காரர் எங்கே என்றே தெரியாது. ஆள் உயரத்துக்குப் பற்றை மண்டிக் கிடந்தது. அந்தப் பற்றைக்குள் ஒரு வெள்ளைச் சட்டை மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

"பின்காணிக்குள்ளை போறார்," என்றேன்.

"ஐயோ, அங்கை கட்டில்லாத கிணறு இருக்கக்கா. பிள்ளையளை அந்தப் பக்கமே விடுறதில்லை."

கத்திக் கூப்பிட்டேன். கூரையில் விழும் மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் திரும்பவில்லை. மழை பெய்தால் பார்வையற்றவர்களுக்கு எல்லாத் திசையும் ஒன்றாகிவிடும் என்று செல்வராணி முன்பு எனக்குச் சொல்லியிருக்கிறாள். காற்று, சுவரில் பட்டுவரும் சத்தம், தெருச் சத்தம் எல்லாவற்றையும் மழை அழித்துவிடும். அப்படியிருக்க அவர் தடுமாறவில்லை. கோலைக்கூட அதிகம் தட்டவில்லை. யாரோ கூட்டிக்கொண்டு போவது போல நேராக நடந்தார்.

நான் ஓடினால் சமையலறையைச் சுற்றி, வளவைக் கடந்து, பொட்டுக்குள் நுழைந்து போக வேண்டும். அதற்குள் என்னவும் நடக்கலாம். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. மழையையும் தாண்டிக் கேட்கக்கூடிய சத்தம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஒரு கணம் தயங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும். எந்தச் சத்தம் அந்த மனிதரை வெளியே கூட்டிப்போனதோ, அதையே நான் எழுப்புவதா? அவர் நம்புவதை நானே உறுதிசெய்து கொடுப்பதாகாதா? ஆனால் அவருடைய நம்பிக்கையைப் பற்றி விவாதிக்க அவர் முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

விரிப்பை இழுத்தெறிந்தேன். மேசையோடு இயந்திரத்தை ஜன்னலுக்குத் தள்ளினேன். வயரைக் குத்தினேன்.

"செல்வராணி, அடியும். நிப்பாட்டாமல் அடியும்."

"என்னத்தை அடிக்க?"

"எதையெண்டாலும்."

அவள் நாலாம் வகுப்புச் சுற்றாடல் பாடத்தை முழுதாக அனுப்பினாள். இயந்திரம் ஜன்னலோரம் அறையத் தொடங்கியது. நான் மழைக்குள் ஓடினேன்.

பொட்டுக்குள் நுழைந்து பற்றையை விலக்கியபோது அவரைக் கண்டேன். நின்றிருந்தார். அவருடைய கோலின் நுனி கிணற்று விளிம்பில் இருந்தது. மண்கரை; கல்லும் இல்லை, கட்டும் இல்லை. கீழே கறுப்பாய்த் தண்ணீர் நிறைந்திருந்தது. முகத்தை ஒரு பக்கம் திருப்பினார். பிறகு மறுபக்கம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் யாருக்குப் பதில் சொல்வதென்று பார்ப்பது போல இருந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திடுக்கிட்டு ஒரு அடி வைத்துவிடுவாரோ என்று பயம். வீட்டிலிருந்து இயந்திரச் சத்தம் மழையை வெட்டிக்கொண்டு வந்தது. நெடுநேரம் என்றுதான் எனக்குப் பட்டது. அவர் கோலைத் தூக்கினார், திரும்பினார், என்னை நோக்கி நடந்தார். கையைப் பிடித்தேன். குளிர்ந்து விறைத்திருந்தது.

"ஆர்?"

"நான்தான் அண்ணை. கொம்பியூட்டர் பாக்க வாற அக்கா."

"ஓ, தங்கச்சியே." என்னோடு நடந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "முதல்லை உந்தப் பக்கம்தான் அடிச்சது. பேந்து ரெண்டு பக்கத்தாலையும் அடிச்சது. பேந்து உந்தப் பக்கம் நிண்டிட்டுது."

'உந்தப் பக்கம்' என்று அவர் கோலை நீட்டியது கிணற்றை நோக்கி.

வீட்டுக்குள் கொண்டுவந்து தலை துடைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். பிறகு நான் என் வேலையைப் பார்த்தேன். கணினியின் பதிவுகளைத் திறந்து, இயந்திரத்துக்கு அது அனுப்பிய ஒவ்வொன்றையும் பார்த்தேன். வெகுநேரம் எடுக்கவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் கணினி தானாகத் தூங்கி விழிக்கும்போதெல்லாம் தன்னோடு இணைந்திருக்கும் அச்சுப்பொறியிடம் ஒரு வரியில் நலம் விசாரிக்கும். இருக்கிறாயா, தாள் இருக்கிறதா என்று. அந்த விசாரிப்பு விளங்கும் இயந்திரம், தாளில் எதையும் அடிக்காமல் பதில் சொல்லும். இந்த இயந்திரத்துக்கு வேறொன்றின் இயக்கியைப் போட்டிருந்தார்கள். கேள்வியின் முற்பகுதியை அது கட்டளை என்று விழுங்கியது. கடைசியில் இருந்த ஆங்கில வீ எழுத்தையும் > என்ற அம்புக்குறியையும் அச்சிடச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. பிரெயிலில் அந்த வீக்கு உள்ள புள்ளிகள்தான் தமிழ் வகரத்துக்கும். அந்த அம்புக்குறிக்கு உள்ளவைதான் ஆகாரத்துக்கும்.

இதைச் செல்வராணிக்கு விளக்கினேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். யோகராசா அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப கொம்பியூட்டர் என்ன கேக்குது, தங்கச்சி?"

"நீ இருக்கிறியோ எண்டு கேக்குது."

"அதுக்கு மெசின் என்ன சொல்லவேணும்?"

"ஓம், இருக்கிறன் எண்டு சொல்லவேணும்."

அவர் தலையை ஆட்டினார்.

என் அறிக்கையில் இவ்வளவையும் எழுதினேன். கழற்றி வைத்திருந்த இயந்திரத்தின் சத்தத்தை அவர் எப்படிக் கேட்டார் என்பதை எழுதவில்லை. அடுத்த நாள் மழையோடு மறுபடி போய் அந்தக் காணியில் நின்று பார்த்தேன். தகரக் கூரை ஏதும் இல்லை, நீரிறைக்கும் மோட்டார் இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. பற்றையும் கிணறும்தான். ஏதோ ஒன்று சொட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். பிரதேச சபையோடு கதைத்துக் கிணற்றுக்கு மேல் கம்பிவலை போட வைத்தோம்.

பிறகு அச்சுப்பொறிப் பிரச்சினை. அன்பளித்தவருக்கு மனவருத்தம். "நல்ல மெசினை வேண்டாம் எண்டு சொல்லுறியள்" என்றார். இயந்திரம் நல்லதுதான், எங்கள் கணினியின் பாஷை அதற்குத் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னேன். கணினியை விசாரிக்காமல் இருக்கச் செய்யலாமே என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். செய்யலாம். பிறகு இயங்குதளம் புதுப்பிக்கும் ஒரு நாளில் அது மறுபடி விசாரிக்கத் தொடங்கும். அந்த நாளில் அங்கே கண் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு நாள் மறுபடி வர நான் இடங்கொடுக்கத் தயாராக இல்லை. கடைசியில் அன்பர் ஒத்துக்கொண்டு, அதைத் திருப்பி எடுத்து வேறொன்றுக்கு உதவச் சம்மதித்தார்.

கொழும்பிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி இன்னொரு மாதிரியைக் கொண்டுவந்தார். எங்கள் இயங்குதளத்துக்கென்றே இயக்கி எழுதி, அதை எவரும் திறந்து பார்க்கவும் விட்டிருந்தார்கள். காகிதத்தில் எல்லாம் சரி. நிலையத்துக்கே கொண்டுவரச் சொன்னேன். நல்ல பொடியன், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். ஒரு பக்கம் அடித்துக் காட்டினார். செல்வராணி விரல் ஓட்டிப் பார்த்து, புள்ளி நல்ல எழுப்பமாக இருக்கிறது என்றாள்.

"அப்ப சரிதானே, மிஸ்?" என்றார் அவர்.

"இனித்தான் சோதினை."

"என்ன செய்யவேணும்?"

"ஒண்டும் செய்யக்கூடாது. இருப்பம்."

இதைத்தான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது. அடி என்று சொன்னால் எல்லா அச்சுப்பொறியும் அடிக்கும். கடைக்காரர் அதைத்தான் காட்டுவார். நீங்கள் உங்கள் கணினியோடு இணைத்துவிட்டுச் சும்மா விடுங்கள். கணினியைத் தூங்க விடுங்கள், எழுப்புங்கள், மின்சாரத்தை வெட்டித் திரும்பக் கொடுங்கள். யாரும் கேட்காதபோது அது என்ன செய்கிறது என்று பாருங்கள். அதற்கு அரை நாள் போகும். போகட்டும்.

பிள்ளைகள் எல்லோரும் அறைக்குள் வந்து நிலத்தில் உட்கார்ந்தார்கள். யோகராசா அண்ணை கதிரையைக் கொண்டுவந்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நான் இயந்திரத்தைப் பார்த்தேன், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேர் ஒரே பொருளை அப்படிக் கேட்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. விற்பனைப் பிரதிநிதி என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், பிறகு தானும் கையைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்துவிட்டார்.

கணினி தூங்கியது. எழுப்பினேன். இயந்திரம் அசையவில்லை. மறுபடி தூங்கவிட்டு எழுப்பினேன். அசையவில்லை. பிரதான மின் ஆளியை நிறுத்தித் திரும்பப் போட்டேன். இயந்திரத்துக்குள் ஏதோ ஒன்று மெல்லக் கிளிக்கென்றது. ஒரு சிறுமி பக்கத்திலிருந்தவளின் தோளைப் பிடித்தாள். அவ்வளவுதான். பச்சை விளக்கு எரிந்தது. தாள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

மத்தியானம் திரும்பியபோது முதலில் செல்வராணி சிரித்தாள். பிறகு பிள்ளைகள் கதைக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவராக எழுந்து சாப்பிடப் போனார்கள்.

யோகராசா அண்ணை எழும்பவில்லை. அவருக்குத்தான் பெரிய நிம்மதியாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் முகத்தில் அது இல்லை. இனி பஸ் இல்லை என்று சொன்ன பிறகும் தரிப்பிடத்தில் நிற்கிற ஆளின் முகம் அது. தலை சற்றுச் சரிந்து, காது இயந்திரத்தின் பக்கம் இருந்தது. நான் அவரை அவசரப்படுத்தவில்லை. விற்பனைப் பிரதிநிதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

நெடுநேரத்துக்குப் பிறகு அவர் கையை நீட்டி இயந்திரத்தின் மூடியைத் தடவினார். தாள் வெளியே வரும் வாயைக் கண்டுபிடித்து, அங்கே விரலை வைத்துக்கொண்டு இருந்தார்.

"எடுங்கோ தங்கச்சி," என்றார். "நல்ல மெசின். இது ஒண்டும் சொல்லாது."